ஐயா நினைவுக் கிண்ணம்

குழு: உவர்மலை வீட்டார்
2025 ஜூலை 12, சனி

ரகு (காலை 7:40): எல்லோருக்கும் வணக்கம். ஐயா நினைவுக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக ஆகஸ்ட் 16, 17 இரண்டு நாளும் ஏகாம்பரம் மைதானத்தைக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். திங்கள் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

மாமி: 16 முடியாது.

ரகு: ஏன் மாமி?

மாமி: திவசம்.

ரகு: ஐயா போனது 11ஆம் தேதி அல்லவா?

பெரியப்பா: தங்கச்சி சொல்வதுதான் சரி. ஐயா கண்மூடியது 2020 ஆகஸ்ட் 11. ஆனால் திவசத்துக்குத் தேதி கணக்கில்லை, திதிதான் கணக்கு. அன்று ஆடித் தேய்பிறை அட்டமி. இந்த வருடம் அது ஆகஸ்ட் 16, சனிக்கிழமை வருகிறது. காலையில் ஐயர் வருவார். படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டு எழும்ப இரண்டு மணியாகும். அன்று வீட்டு ஆண்கள் பந்தோடு திரிவது அழகில்லை. ஐயாவே விரும்பமாட்டார். ஆகவே ஞாயிறு ஒரு நாளில் முடிக்கப் பார்ப்போம். 16 அணி என்றால் 15 ஆட்டம், ஒரு நாளில் நடவாது. 8 அணி என்றால் 7 ஆட்டம். அணிக்கு 7 பேர், ஆட்டத்துக்கு 30 நிமிடம். இரண்டு மணிக்குத் தொடங்கினாலும் இருட்டுவதற்குள் கிண்ணத்தைக் கொடுத்துவிடலாம்.

தீபன்: இரண்டு மணி வெயிலிலா அப்பா?

செந்தூரன்: கச்சான் காற்று வேறு. போன வருடம் சாம்பல்தீவுப் பையன் மயங்கி விழுந்தான்.

ரகு: 16 அணிக்கும் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மாமி: யாரைக் கேட்டுச் சொன்னாய்?

லண்டன் சித்தப்பா: இப்போதுதான் குழுவைப் பார்க்கிறேன். எனக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. பலஸை யூரோப்பா லீக்கிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

மாமி: யாருக்கு என்ன நடந்தது?

கவின்: கிரிஸ்டல் பலஸ், மாமி. சித்தப்பாவின் அணி.

லண்டன் சித்தப்பா: 1905இல் தொடங்கிய கழகம். இந்த மே 17ஆம் தேதிதான் முதல் பெரிய கிண்ணம் எடுத்தது. மன்செஸ்டர் சிட்டிக்கு எதிராக எஸே ஒரு கோல், ஹெண்டர்சன் பிடித்த பெனால்டி. இங்கே குரொய்டன் தெருவில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அன்றுதான் ஊர்க்காரன் ஆனேன். நேற்று ஐரோப்பியச் சம்மேளனத்திடமிருந்து கடிதம் வருகிறது, உன் பங்குதாரருக்குப் பிரான்சின் லியோன் கழகத்திலும் பங்கு இருக்கிறது, இரண்டு கழகமும் ஒரே போட்டியில் ஆட முடியாது என்று. விளையாடிய பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

செந்தூரன்: ஹெண்டர்சன் பிடித்தது உண்மையான பெனால்டி.

தீபன்: செந்தூரா.

செந்தூரன்: பொதுவாகச் சொன்னேன்.

பெரியப்பா: தம்பி, உன் வேதனை விளங்குகிறது. ஆனாலும் விதியைப் பார். பங்கைச் சரிசெய்ய மார்ச் 1 வரை தவணை இருந்தது, செய்யவில்லை. ஒரே கை இரண்டு அணியைப் பிடித்திருந்தால், அந்த இரண்டும் மோதும் நாளில் பார்க்கிறவன் எதை நம்புவான்? 22 வருடம் மத்தியஸ்தராக நின்றவன் சொல்கிறேன், ஆட்டத்தில் சந்தேகம் நுழைந்தால் அதன் பிறகு கோலுக்குக் கைதட்டவே மனம் வராது. அவர்கள் மேன்முறையீடு செய்யட்டும்.

செந்தூரன்: அப்படியென்றால் நமது கிண்ணத்திலும் ஒரே ஆள் இரண்டு அணிக்குக் காசு கட்டக் கூடாது.

ரகு: யார் கட்டுகிறார்கள்?

செந்தூரன்: கேட்டுப் பாருங்கள்.

தீபன்: பாலையூற்றுப் பையன்களுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அது காசு கட்டுவதா?

தீபன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமி: அண்ணா, 2016 பெனால்டிச் சண்டை திரும்ப வரப் போகிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் தீபாவளிக்கு நான் உங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பந்து என் பிள்ளையின் தோளில் பட்டது. கையில் இல்லை.

தீபன்: மாமி, நான் நின்ற இடத்திலிருந்து கையாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. பொய் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

ரகு: தயவுசெய்து தேதிக்கு வருவோம்.

கவின்: ரகு அண்ணா, ஒரு வேண்டுகோள். இந்த முறை எந்த அணியும் 20ஆம் இலக்கம் அணியாமல் இருக்கலாமா? லிவர்பூல் அந்த இலக்கத்தை நேற்று நிரந்தரமாக எடுத்துவிட்டது. அவர்கள் வென்ற 20ஆவது பட்டமும் இந்த வருடம்தான்.

மாமி: ஏன் எடுத்தார்கள்?

கவின்: தியோகோ ஜோட்டா, மாமி. ஜூலை 3, ஸ்பெயினில் கார் விபத்து. 28 வயது. கல்யாணம் முடிந்து பதினொரு நாள். மூன்று பிள்ளைகள். கூடப் போன தம்பியும் இறந்துவிட்டார்.

மாமி: இரண்டு பேருமா?

கவின்: ஓம்.

மாமி: ஐயோ, அந்தத் தாய். சனிக்கிழமை ஐயாவுக்கு ஏற்றும்போது அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

லண்டன் சித்தப்பா: 🙏

ரகு: 20 வேண்டாம். எல்லா அணிக்கும் சொல்கிறேன்.

பெரியப்பா: நல்ல எண்ணம் கவின். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. லிவர்பூலின் பதினொருவரை நித்திரையிலும் சொல்வாய். நமது இலங்கை அணியின் கோல் காப்பாளர் யார்?

கவின்: சுஜான் பெரேரா.

பெரியப்பா: சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். நீ சொல்லமாட்டாய் என்று நினைத்துவிட்டேன்.

கவின்: கம்போடியாவைப் போன செப்டெம்பரில் அவர்களுடைய மண்ணில் பெனால்டியில் வென்றோமே, அதையும் பார்த்தேன்.

பெரியப்பா: அதுதான் என் நெஞ்சில் கிடக்கும் பாரம். 1995இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு இது. 2023 ஜனவரி 21ஆம் தேதி ஃபீஃபா தடை போட்டது, சம்மேளனத்துக்குள் வெளியார் தலையீடு என்று. ஆகஸ்ட் கடைசியில்தான் எடுத்தது. இடையில் பெங்களூரில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கிண்ணம் நடந்தது. லெபனானும் குவைத்தும் விருந்தாளிகளாக வந்து ஆடின, நாம் இல்லை. மேசையில் இருப்பவர்களின் சண்டைக்குப் பையன்கள் ஒரு வருடத்தைக் கொடுத்தார்கள். இருபது வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விடயமா? நமது வீட்டுக் கிண்ணமாவது ஒரு வருடமும் தவறாமல் நடக்க வேண்டும் என்று நான் நிற்பது அதனால்தான்.

நிலா: பெரியவர்களே, பெண்கள் ஆட்டம் உண்டா?

ரகு: நேரம் போதாது அம்மா.

நிலா: சுவிட்சர்லாந்தில் இப்போது மகளிர் யூரோ நடக்கிறது. புதன்கிழமை இங்கிலாந்து நெதர்லாந்துக்கு 4 கோல் போட்டது. எங்கள் வகுப்பில் 9 பேர் இருக்கிறோம். டச்பே மணலில் ஒவ்வொரு சனியும் ஆடுகிறோம்.

செந்தூரன்: அடுத்த வருடம் பார்ப்போம் நிலா.

மாமி: ஏன் அடுத்த வருடம்? அறுபத்தெட்டு வயதில் நான் இன்னும் ஐயா எனக்குச் சொல்லித்தராத ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். பிள்ளை கேட்கிறாள். ஓர் ஆட்டம் வை ரகு.

நிலா: அம்மம்மா ❤️

ரகு: அப்படியென்றால் 8 ஆட்டம்.

பெரியப்பா: 8 அணி என்று முடிவாகிவிட்டதா?

ரகு: முடிவாகவில்லை. மற்ற 8 அணிக்கு நான் எப்படி முகம் கொடுப்பது?

தீபன்: முதல் சுற்றை 9, 10ஆம் தேதிகளில் வைத்தால் என்ன? 17இல் கால் இறுதியிலிருந்து தொடங்கலாம்.

மாமி: 9ஆம் தேதி நான் நல்லூரில்.

தீபன்: நீங்கள் விளையாடப் போவதில்லையே மாமி.

மாமி: மோர் யார் கரைப்பது?

லண்டன் சித்தப்பா: 17 இரவு 9 மணிக்கு உங்கள் தொலைக்காட்சியில் மன்செஸ்டர் யுனைட்டட், ஆர்சனல் ஆட்டம். அதற்குள் முடியுங்கள். மேற்சட்டை இரண்டு தொகுதி அனுப்புகிறேன். பலஸ் நிறம்தான்.

ரகு: நன்றி சித்தப்பா. வலையும் கிழிந்துவிட்டது. இரண்டு பக்கமும் புதிதாக வேண்டும்.

லண்டன் சித்தப்பா: விலை சொல்லு.

பெரியப்பா: வலைக்கு ஏன் பணம்? கடற்கரையில் பழைய மீன்வலை கேட்டால் கொடுப்பார்கள். ஐயா காலத்தில் அப்படித்தான் கட்டினோம்.

கவின்: மீன் வாடை அடிக்குமே பெரியப்பா.

பெரியப்பா: அந்த வாடையில்தான் நாங்கள் கோல் போட்டோம்.

ரகு: மத்தியஸ்தர்?

ரகு: யாராவது?

செந்தூரன்: வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவோம்.

மாமி: இறுதி ஆட்டத்துக்கு வேண்டுமானால் வெளியாள். மற்ற ஆட்டங்களுக்குத் தீபன் நிற்கட்டும். ஐயாவின் விசில் என் அலுமாரியில் இருக்கிறது.

தீபன்: நாளை மாலை வந்து எடுத்துக்கொள்ளவா மாமி?

மாமி: நாளை வேண்டாம், கோயிலுக்குப் போகிறேன். திங்கள் வா.

ரகு: திங்கள் காலை கடிதத்தில் எந்தத் தேதியை எழுதுவது?

ரகு: பெரியப்பா?

கவின்: பெரியப்பா சந்தைக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.