ஊர் மெச்சவா, கர்த்தருக்கென்றா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காட்பாடி சகோதரி:

சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, வீட்டில் செய்த கேக். நான் மைக்கில் காணிக்கைச் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்னார் குடும்பம், இவ்வளவு. நடுவில் ஒரு பூசணிக்காயை இரண்டு குடும்பத்தார் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். காய்க்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போது ஒருவர் மேடையோரம் வந்து நின்றார். லத்தேரிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர், ஒரு மூட்டை நெல் கொண்டுவந்திருந்தார். என் கையிலிருந்த சீட்டைக் கேட்டு வாங்கி, தன் பேர் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிச்சத்தை நீட்டினார். "பேரு வோணாம்மா. நெல்லு ஒரு மூட்டன்னு மட்டும் படி."

படித்தேன். யார் கொடுத்தது என்று கீழேயிருந்து இரண்டு மூன்று குரல். அதற்குள் அவர் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

கமிட்டியில் ஒருவர் அப்புறம் சொன்னார், "பேர் போடாமல் கொடுக்கிறவனுக்குத்தான் பெருமை அதிகம்" என்று. அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது. அவர் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன். அதில் பெருமை இல்லை, அவசரம்தான் இருந்தது. யாராவது பார்ப்பதற்குள் கிழித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

குடியாத்தம் மகள்:

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து 'ஆமென்' சொன்ன கையோடு மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார். வேதபுத்தகம் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. "நாங்க எதுவும் கேக்கல. அதெல்லாம் வேதத்துக்கு விரோதம். ஆனா சபைல நாலு பேரு பாக்கறாங்க இல்ல? ஊருக்காகவாவது போடுங்க."

வரதட்சணையைத் தடுக்கச் சட்டம் வந்தது 1961ல். அதனால் இப்போது யாரும் 'நாங்கள் கேட்கிறோம்' என்று சொல்வதில்லை, ஊர் கேட்கிறது என்கிறார்கள். என் நைனா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல், "அப்ப ஊரு வந்து பொண்ணு கேக்கட்டும்மா" என்றார்.

கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன. பெரியம்மா கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களோடு பேசவில்லை. நைனா படிப்பாளி இல்லை, யாரோடும் வாதாடுகிறவரும் இல்லை. அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

சத்துவாச்சாரி அண்ணன்:

காட்பாடி சகோதரிக்கு ஸ்தோத்திரம். ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை. சபைக்குக் கணக்கு வேண்டும், தணிக்கை உண்டு. ஆளாளுக்குச் சீட்டைக் கிழித்தால் பொருளாளர் என்ன செய்வார்? மத்தேயு 6ல் வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றவர்தான், அதற்கு முந்தின அதிகாரத்தில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

என் கதை சின்னது. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பார்ட்டியில் மேனேஜர் ஊற்ற வந்தார், நான் கிளாஸைக் கவிழ்த்து வைத்தேன். மேஜை முழுக்கப் பேச்சு நின்றது. அவ்வளவுதான்.

வாலிபப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1 சாமுவேல் 15ஐ உட்கார்ந்து படியுங்கள். சவுல் ராஜா கர்த்தரின் கட்டளையை மீறிவிட்டு, தீர்க்கதரிசி சாமுவேலிடம், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் பேச்சைக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான். சரி, மனம் திரும்பினான் என்று நினைத்தால், அடுத்து அவன் கேட்பது என்ன? மூப்பர்கள் முன்னால் என்னைக் கனப்படுத்தும் என்று. ராஜ்யமே போகிறது, அவனுக்கு மூப்பர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை! காலையில் வேதம் வாசித்தால் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். உபவாசம் இருந்தால் முகத்தைக் கழுவி, தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போங்கள். காணிக்கையைக் கவரில் போட்டு ரசீது வாங்குங்கள், ரசீதைப் பெட்டியில் வையுங்கள், மைக்குக்குக் கொடுக்காதீர்கள். பாட்டுக்குழுவில் உங்களுக்கு ஸோலோ கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையும் அதே சத்தத்தோடு பாடுங்கள். ஆயர் உங்கள் பேரை மறந்து விட்டுவிட்டால் ஃபோன் செய்து ஞாபகப்படுத்தாதீர்கள்.

பாகாயம் செவிலியர்:

அண்ணா, அந்த மனிதர் ரசீதைக் கிழிக்கவில்லை. மைக்கில் படிக்கிற சீட்டைத்தான் கிழித்தார். சகோதரி எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள்.

வேலூரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம், இங்கே சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் முடியுமா? மிஷனரி வாழ்க்கை வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடுகிறேன் என்று நினைத்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை. ஆண் மருத்துவரை உள்ளே விட அந்த வீடுகளில் சம்மதமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் படிக்கப் போய், மருத்துவராகத் திரும்பி, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். கை தட்ட அங்கே யார் இருந்தார்கள்? 'ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்ய' என்ற சி.எம்.சி.யின் குறிக்கோள் வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் படுக்கைதான் நினைவுக்கு வரும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. எங்கள் வார்டில் துப்புரவு வேலை செய்த ஒரு அம்மா ஓய்வு பெறுகிற நாள். பொன்னாடை, கேக், எல்லாம் தயார். ஆளைக் காணோம். தேடிப் போனால், கட்டிலுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். "இந்தச் சக்கரத்துல முடி சுத்திக்கும். மேல இருந்து பாத்தா தெரியாது. குனிஞ்சு எடுக்கணும், இல்லன்னா கட்டில் தள்ளும்போது இழுக்கும், நோயாளிக்கு வலிக்கும்." பொன்னாடையை வராண்டாவிலேயே போர்த்தினோம். வாங்கிக்கொண்டார், சந்தோஷப்பட்டார். ஒளியவும் இல்லை, காட்டவும் இல்லை. சத்துவாச்சாரி அண்ணன் கேட்ட இரண்டு வசனமும் அந்த ஒரு ஆளிடம் சண்டையில்லாமல் இருந்தன.

ஆம்பூர் தம்பி:

நான் ஷூ கம்பெனியில் லைனில் இருக்கிறேன். மத்தியானம் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஒரு பாய் தினமும் தொழுகைக்கு நேரமானால் சொல்லிவிட்டு எழுந்து போவார், யாருக்காகவும் தயங்க மாட்டார். ஒருநாள் எங்கள் சபைப் பையன் ஒருவனிடம் கேட்டார். "தம்பி, சாப்பிடறதுக்கு முன்னாடி நீ ஜெபம்தானே பண்ற? அதை ஏன் ஃபோன் பாக்கற மாதிரி பண்ற?" கிண்டலாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபம் பண்ணினான். பாய் தன் டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தார்.

யோவான் 12ல் இயேசுவை விசுவாசித்தும் வாய் திறக்காத அதிகாரிகள் வருகிறார்களே, தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிறதை விரும்பினவர்கள். அண்ணா, நீங்கள் ஸ்டேட்டஸ் வைக்காதே என்கிறீர்கள். எங்கள் வயதில் பலருக்குக் கஷ்டம் காட்டிக்கொள்வதில் இல்லை, ஒளிப்பதில்தான். அதற்கும் ஏதாவது எழுதுங்கள்.

குடியாத்தம் அக்கா, அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று?

குடியாத்தம் மகள்:

நடக்கவில்லை தம்பி. எனக்கு வேறு இடத்தில் அமைந்தது. அந்த அம்மாவும் எங்கள் சபைதான், நைனாவும் அவரும் ஞாயிறுதோறும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது தங்கைக்குப் பார்க்கிறோம். முதல் ஃபோனிலேயே, நகைப் பேச்சு இல்லை என்று நைனா சொல்லிவிடுகிறார். பாதிப் பேர் அதோடு சரி. மிச்சப் பேரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.