விமானக் கம்பெனி கார்டிலேயே செலவுப் பணம்: அம்மாவுக்கு இது சரிப்படுமா?

கேத்தி பையன்:
அக்கா மெல்பர்னில் இருக்கிறாள், பிரசவத்துக்கு அம்மா போகிறார், கோவையில் ஏறி சிங்கப்பூரில் மாறிப் போகும் டிக்கெட். அக்காவிடம் ஆஸ்திரேலிய விமானக் கம்பெனியான குவாண்டாஸின் உறுப்பினர் கார்டு இருக்கிறது. பயணப் புள்ளி (சேர்த்து வைத்தால் இலவச டிக்கெட்டாக மாற்றலாம்) சேர்க்கும் அதே கார்டில் முன்கூட்டியே பணம் ஏற்றி கடையிலும் தேய்த்துக்கொள்ளலாம், 2013-இல் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. அதில் பணம் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், புள்ளியும் சேரும் என்கிறாள். ஊட்டியில் ஒருவர், இங்கேயே ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) எடுங்கள், அதிலும் விமானக் கம்பெனியோடு சேர்ந்து வங்கி தரும் கார்டாகப் பார்த்து எடுங்கள் என்கிறார். அம்மா இதுவரை ஏடிஎம் தவிர எதையும் தொட்டதில்லை. எதைச் செய்வது?

கோத்தகிரி தோட்டக்காரர்:
தம்பி, முதலில் அக்காவின் யோசனையை விட்டுவிடுங்கள். அது அக்காவின் பெயரில் உள்ள கார்டு, இன்னொருவர் கையில் கொடுத்துத் தேய்க்க அனுமதி கிடையாது. தொலைந்தாலோ பணம் தவறாகப் போனாலோ, கார்டை வேறு ஆளிடம் கொடுத்தது நீங்கள்தானே என்று கையை விரித்துவிடுவார்கள்.

இரண்டாவது யோசனைக்கு வருவோம். புள்ளி என்றதும் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2,000 ஆஸ்திரேலிய டாலர் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். டாலருக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு சென்ட் மதிப்பு என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் கிடைப்பது 20 டாலர்தான். ஏற்றும்போது சந்தை விலையைவிட டாலருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகப் போட்டால் அங்கேயே 4,000 ரூபாய் போய்விட்டது. 20 டாலரை ரூபாயாக்கினால் அதில் பாதிகூடத் தேறாது. பசுந்தேயிலைக்கு விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு எடையில் கழிக்கும் கணக்கு இது. விலைப் பலகையைப் பார்க்காதீர்கள், கையில் கடைசியாக என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

குன்னூர் டீச்சர்:
அக்காவின் கார்டு வேண்டாம் என்பது சரி. ஆனால் இந்த வகைக் கார்டே வேண்டாம் என்பதுபோல் எழுதுகிறீர்களே சார், அதை ஏற்க மாட்டேன். அம்மாவிடம் வேறு எதைக் கொடுப்பது? இங்குள்ள கிரெடிட் கார்டை எடுத்துப் போனால் பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் போடுகின்றன, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக லட்ச ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய் தனியாகப் போகும். டெபிட் கார்டைக் கொடுத்தால் மொத்த சேமிப்புக் கணக்கும் அதோடு கட்டியிருக்கிறது, ஒரு முறை திருடு போனால் ஓய்வூதியம், வைப்புத்தொகை என்று எல்லாம் ஆபத்தில். ஃபாரெக்ஸ் கார்டில் போட்ட தொகைதான் போகும், அதையும் உடனே முடக்கலாம். ஏற்றிய நாளின் விலை நின்றுவிடும், பிறகு டாலர் ஏறினாலும் அம்மாவுக்குக் கவலை இல்லை. அறுபது வயதுக்கு மேல் முதல்முறை வெளிநாடு போகிறவருக்கு அந்த நிம்மதி பெரிது. வருடாவருடம் பிள்ளைகளைப் பார்க்க ஒரே விமானத்தில் போய்வரும் குடும்பங்கள் இந்த மலையில் நிறைய, அவர்களுக்குப் புள்ளி சேர்வதில் என்ன கெடுதல்?

கோத்தகிரி தோட்டக்காரர்:
நீங்கள் சொன்ன நன்மைகளில் ஒன்றாவது விமானக் கம்பெனியால் வருகிறதா, சொல்லுங்கள் டீச்சர். விலை நிற்பது, சேமிப்புக் கணக்கு தனியாக இருப்பது, முடக்கும் வசதி, மூன்றும் எந்த வங்கியின் சாதாரண ஃபாரெக்ஸ் கார்டிலும் உண்டு. கார்டின் மேல் உள்ள விமானப் படம் கூடுதலாகத் தருவது புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளியையும் விமானக் கம்பெனி சும்மா தருவதில்லை, வங்கிக்கு விற்கிறது. 2020-இல் விமானங்கள் தரையில் கிடந்தபோது அமெரிக்க விமானக் கம்பெனி டெல்டா தன் மைல் திட்டத்தை, அதாவது புள்ளித் திட்டத்தை, அடமானம் வைத்து 900 கோடி டாலர் திரட்டியது, இன்னொரு அமெரிக்கக் கம்பெனி யுனைடெட் 680 கோடி. அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? கார்டு தேய்க்கிறவர்கள் கொடுக்கும் காசிலிருந்துதான் பெரும்பங்கு.

கூடலூர் வாசி:
கம்பெனி இழுத்து மூடினால் பணம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது, விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இதை நம்பி எப்படிப் பணம் போடுவது?

குன்னூர் டீச்சர்:
பணம் விமானக் கம்பெனியிடம் இல்லை, கார்டு கொடுத்த வங்கியிடம் இருக்கிறது. விஸ்தாராவுக்கு ஆக்சிஸ் வங்கியோடு சேர்ந்து ஃபாரெக்ஸ் கார்டு இருந்தது, அதில் ஏற்றிய டாலர் வங்கியின் பொறுப்பு. விஸ்தாராவின் புள்ளிகள்கூட ஏர் இந்தியாவின் மகாராஜா திட்டத்துக்கு மாறின. ஜெட் நின்ற பிறகும் அதன் மைல் திட்டம் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தனியாக நடந்தது. தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
பணம் பத்திரம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஜெட் மைலை வைத்து ஜெட் விமானத்தில் ஏற முடிந்ததா? புள்ளியின் மதிப்பை நாம் நிர்ணயிப்பதில்லை, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். குவாண்டாஸ் கணக்கில் 18 மாதம் எந்த வரவும் செலவும் இல்லையென்றால் இருக்கும் புள்ளி எல்லாம் அழிந்துவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். எப்போதாவது ஒருமுறை பறக்கும் அம்மாவுக்கு இலவச டிக்கெட் அளவுக்கு எப்போது சேரும்?

குன்னூர் டீச்சர்:
அந்த 18 மாதக் கணக்கு எனக்குத்தான் சாதகம் சார். பறக்காத வருடத்திலும் கார்டில் சின்னதாகச் செலவு செய்தால் புள்ளி வரும், கணக்கு உயிரோடு இருக்கும். அப்புறம் ஒரே விலையில் இரண்டு கார்டு கிடைத்தால் புள்ளி தருவதை ஏன் ஒதுக்க வேண்டும்?

கோத்தகிரி தோட்டக்காரர்:
ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் தம்பியின் அக்காவுக்கு அது பொருந்தும். நம் ஃபாரெக்ஸ் கார்டை இந்தியாவிலும் நேபாளத்திலும் பூட்டானிலும் தேய்க்கவே முடியாது. கேத்தியில் உட்கார்ந்துகொண்டு அம்மா எங்கே சின்னச் செலவு செய்வார்? ஒரே விலையில் கிடைத்தால் எடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரே விலையா என்று கேட்டுப் பார்த்து எடுங்கள் என்பதுதான் என் சண்டை. விலையைக் கேட்காமல் புள்ளியை மட்டும் கேட்டு வருகிறார்கள்.

கேத்தி பையன்:
விலையை எப்படிக் கேட்பது? வரி வேறு இருக்கிறதாமே?

கோத்தகிரி தோட்டக்காரர்:
"2,000 டாலர் என் கார்டில் ஏற, எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய்?" இப்படி ஒரே கேள்வியாகக் கேளுங்கள், கார்டு கட்டணம், ஏற்றும் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளே வர வேண்டும். ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஊட்டியோடு நிற்காமல் கோவையில் அங்கீகாரம் பெற்ற நாணயமாற்றுக் கடைகளுக்கும் போன் போடுங்கள். வரி பெரிதில்லை, ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், ஒன்றரை லட்சத்துக்கு 225 ரூபாய் ஜிஎஸ்டி. டிசிஎஸ் என்று வெளிநாட்டுப் பணத்துக்கு முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான், அம்மாவுக்கு வராது. பான் கார்டு, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் எடுத்துப் போங்கள்.

கூடலூர் வாசி:
ஓடிபி விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஆன்லைனில் எதையாவது வாங்கினால் ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும், அம்மாவின் சிம்மில் ரோமிங் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்ய முடியுமா என்று கேளுங்கள். பின் நம்பரை இங்கேயே பழக்கிவிடுங்கள்.

குன்னூர் டீச்சர்:
இன்னும் இரண்டு சொல்கிறேன். அங்கே கடையில் மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரைத்தான் அழுத்த வேண்டும், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலையில் மாற்றிவிடுவார்கள். இதை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறையில் வையுங்கள். வழியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஆஸ்திரேலிய டாலர் கார்டைத் தேய்க்க வேண்டாம், வேறு நாணயம் என்று தனிக் கட்டணம் பிடிப்பார்கள், காபிக்கு ஐம்பது சிங்கப்பூர் டாலர் நோட்டாகக் கொடுத்து அனுப்புங்கள்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
இதில் டீச்சரோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். மீதியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கும் விலை என்று குறைத்துத்தான் தருவார்கள், போகும்போதும் இழப்பு வரும்போதும் இழப்பு. குறைந்தால் இங்கிருந்தே நீங்கள் மறுபடி ஏற்றலாம்.

குன்னூர் டீச்சர்:
மீதியை உடனே திருப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை, 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பேரக்குழந்தை பிறந்த பிறகு அம்மா மறுபடி போகாமல் இருப்பாரா? அதனால்தான் சொல்கிறேன், மொத்த ரூபாய் இரண்டு இடத்திலும் ஒன்றாக வந்தால் புள்ளி தரும் கார்டையே எடுங்கள் தம்பி.

கேத்தி பையன்:
திங்கட்கிழமை கோவைக்கு போன் போடுகிறேன். மூன்று இடத்துத் தொகையையும் இங்கேயே எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.