நடு முற்றத்தை மூடாமல் விட்ட கதை

கூரை இல்லாத இடம் வைத்துக் கட்டிய வீட்டில் மழைக்காலம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஆரம்பம் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த 11ஆம் இலக்க வீடு அங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போனால் சுற்றிக் காட்டுவார்கள். வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, 1968க்குள் ஒரே வீடாக்கிவிட்டார். சுற்றிவர அயல் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் வீட்டை வானத்துப் பக்கம் திறந்துவிட்டிருக்கிறார். நடந்துகொண்டிருக்கும்போதே கூரை முடிந்துபோகும். ஒரு செடி, ஒரு துண்டு வெளிச்சம், அப்புறம் மறுபடி அறை.

நாங்கள் போன பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஓடிப்போய் எதையும் மூடவில்லை. வெள்ளைச் சுவரை ஒட்டித் தண்ணீர் இறங்க, சாரல் எங்கள் கால்விரல்வரை வந்து நின்றது. அம்மா என் கையைப் பிடித்து, "எங்கட நாற்சார் வீடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய பழைய வீட்டைத்தான் நாற்சார் வீடு என்போம். அம்மம்மா வீட்டு முற்றத்தில் பீலித் தண்ணீருக்குக் கிடாரம் வைத்த நாட்களெல்லாம் அவருக்கு அங்கேயே திரும்பி வந்துவிட்டன.

பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக பாவா கட்டிய முற்றத்து வீட்டின் கதையையும் அன்றுதான் கேட்டோம். கொழும்பில் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைக் கழற்றி, பாகங்களுக்கு எண் போட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஊரில் நாம் இடித்துத் தள்ளிய நாற்சார் வீடுகளை நினைக்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வேலை தொடங்கியது. நடுவில் பத்தடிக்கு எட்டடி முற்றம் வேண்டும் என்றேன். மேசன் கடைசிவரை, "மேலே ஒரு ஷீட் போட்டு விடுவம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. முற்றத்தை அறைத் தரையைவிட ஆறு அங்குலம் பதித்து, தண்ணீர் போக ஒரு குழாய் வைத்தோம்.

ஒரு குழாய் போதாது. இதைக் கட்டாயம் கவனியுங்கள். முதல் கார்த்திகை மழையிலேயே மாவிலை அடைத்து, விடிய எழும்பிப் பார்த்தால் ஹோலுக்குள் கணுக்கால் தண்ணீர். சாமான்களைத் தூக்கிவைத்து, வாளியால் அள்ளிக் கொட்டினோம். பிறகு எதிர்மூலையில் இன்னொரு குழாய் இறக்கி, இரண்டுக்கும் கம்பி வலை போட்டோம். கூரை விளிம்பையும் இரண்டடி வெளியே நீட்டினோம். அதற்குப் பிறகு தண்ணீர் உள்ளே வரவில்லை. நுளம்புக்கு அறைக் கதவுகளில் வலை அடித்திருக்கிறோம்.

சித்திரை வெயிலிலும் பகலில் ஹோலில் மின்விசிறி இல்லாமல் இருக்கலாம். அம்மா காலையில் தேங்காய்த் துருவலையை எடுத்துக்கொண்டு முற்றத்துப் படிக்குத்தான் போகிறார். மழை என்றால் ஒரு படி மேலே ஏறி இருந்து துருவுகிறார்.