மறு: சூப்பர் கோப்பைக்குக் கலைச்சொல் – ‘மேல்வாகை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தின் சூப்பர் கோப்பைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த சொற்களை எடுத்துக்கொண்டு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

> மீக்கணினி, மீக்கடத்தி எல்லாம் புழக்கத்தில் இருக்க, மீக்கோப்பைக்கு மட்டும் என்ன குறை?

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் இடிக்கிறது. மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) மற்றக் கணினிகளைவிடத் திறன் கூடியது. சூப்பர் கோப்பை மற்றக் கோப்பைகளைவிடப் பெரியதா? ஐரோப்பாவில் அது ஆகஸ்டில் நடக்கும் ஒரே ஓர் ஆட்டம். ஐரோப்பிய அணிகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகை வென்ற அணியும் அதற்கு அடுத்த நிலையான யூரோப்பா லீகை வென்ற அணியும் மோதும். 90 நிமிடத்தில் முடிவு வராவிட்டால், 2023 முதல் கூடுதல் நேரம்கூடக் கிடையாது, நேராகப் பெனால்டிதான். அந்த ஆண்டு ஏதென்ஸ் பக்கத்தில் உள்ள பிரேயஸ் நகரில் மான்செஸ்டர் சிட்டி செவியாவை வென்றதும் அப்படித்தான். சாம்பியன்ஸ் லீக் கிட்டத்தட்ட ஓராண்டு இழுக்கும் போட்டி. மீக்கோப்பை என்று படிக்கும் பள்ளிப் பையன் சாம்பியன்ஸ் லீகை அதற்குக் கீழே வைத்துவிடுவான். பெருங்கோப்பைக்கும் இதே சிக்கல் உண்டு.

இதன் பிறப்பைப் பார்த்தால் எதைச் சொல்லாக்க வேண்டும் என்பது தெரியும். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணி ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1971 வாக்கில், ‘டி டெலிகிராஃப்’ என்ற டச்சு நாளிதழின் நிருபர் ஆன்டன் விட்காம்ப் ஒரு யோசனை சொன்னார். அப்போது ஐரோப்பாவில் இரண்டு வாகையர் இருந்தார்கள்: நாட்டு லீகுகளை வென்றவர்கள் ஆடும் ஐரோப்பியக் கோப்பைக்கு ஒருவர், நாட்டுக் கோப்பைகளை வென்றவர்கள் ஆடும் கோப்பைக்கு ஒருவர். இருவரையும் மோதவிட்டால் யார் கெட்டி என்று தெரிந்துவிடுமே என்றார். 1973 ஜனவரியில் அயாக்ஸ், கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸை அங்கே 3–1, ஆம்ஸ்டர்டாமில் 3–2 என்று வென்றது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் பார்சிலோனாவில் செய்த ரகளைக்காக அந்த அணிக்குத் தடை இருந்ததால் ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா இதை ஏற்கவில்லை. செலவையும் நாளிதழே பார்த்துக்கொண்டது. யூஃபாவின் கணக்கு அடுத்த முறைதான் தொடங்குகிறது. அதில் மிலான் சொந்த ஊரில் 1–0 என்று வென்றுவிட்டு, ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸிடம் 6–0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது.

ஆக, ஏற்கெனவே வாகை சூடியவர்களை வைத்து மறுபடியும் ஒரு வாகை. சொல்லுக்குள் வர வேண்டியது இதுதான். ‘சூப்பர்’ ஒரு விளம்பர ஒட்டு, அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘இருவாகையர் கோப்பை’ என்றே வைத்துவிடலாமே?

ஐரோப்பாவோடு நின்றால் வைக்கலாம். தென்னமெரிக்காவுக்குப் போனதும் சொல் நொண்டுகிறது. அங்கே 1988 முதல் 1997 வரை ‘சூப்பர்கோப்பா’ என்று ஒன்று நடந்தது. அந்தக் கண்டத்து அணிகளின் முதன்மைப் போட்டியான லிபர்ட்டாடோரஸ் கோப்பையை என்றைக்காவது வென்றிருந்தால் போதும், இடம் உண்டு. முதல் ஆண்டிலேயே 13 அணிகள். கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினாவின் ரேசிங். அவர்கள் லிபர்ட்டாடோரஸ் வென்றது 1967இல்! இடையில் 1983இல் சொந்த நாட்டிலேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியவர்கள். தாத்தா வாங்கிய பட்டாவைக் காட்டி உள்ளே நுழைந்து வீட்டையே எழுதி வாங்கிய மாதிரி, 21 ஆண்டு பழைய வெற்றியைக் காட்டி உள்ளே வந்து, இறுதியில் க்ருசேரோவை வென்றார்கள். பதின்மூன்று பேரை இருவாகையர் என்பதா?

‘வாகையர் மோதல்’ என்று பரிந்துரைத்த நண்பருக்கும் அதே கண்டத்திலிருந்து ஒரு செய்தி. லிபர்ட்டாடோரஸ் வென்றவரும் சூப்பர்கோப்பா வென்றவரும் மோத ‘ரெக்கோப்பா’ என்று இன்னொன்றும் வைத்தார்கள். 1990இல் பராகுவேயின் ஒலிம்பியா இரண்டையும் வென்றுவிட்டது. யாரோடு மோதுவது? ஆடாமலேயே கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். மோதலே நடக்காத மோதல்! 1993இல் சாவோ பாவ்லோ அதே போல் இரண்டையும் வென்றபோது கொஞ்சம் விவரமாகி, அங்கே நடந்த இன்னொரு போட்டியான கான்மெபோல் கோப்பையை வென்ற பொட்டாஃபோகோவை எதிரே நிறுத்தி ஜப்பானின் கோபே நகரில் ஆடவைத்தார்கள்.

‘வாகையர் கோப்பை’ என்பதை நான் தொடவே மாட்டேன். பாதிப்பேர் அதைச் சாம்பியன்ஸ் லீக் என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை: மேல்வாகை. போட்டிக்கு மேல்வாகைக் கோப்பை, ஒரே ஆட்டமானால் மேல்வாகை ஆட்டம், வென்றவர் மேல்வாகையர். ‘மேல்’ இங்கே அளவைச் சொல்லவில்லை, அடுத்த படியைச் சொல்கிறது. மேல்முறையீட்டில் வருகிற மேல்தான் இது. தீர்ப்பு வந்துவிட்ட ஒன்றன் மேல் இன்னொரு தீர்ப்பு. இரண்டு அணி ஆடினாலும் பதின்மூன்று ஆடினாலும் பொருந்தும். வாகையோ விளையாட்டுப் பக்கங்களில் தினமும் சூடப்படுகிற பூ, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

> வாகை சூடாதவரும் ஆடியிருக்கிறார்களே. 1993இல் மிலான்?

உண்மைதான். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகை வென்ற மார்சேய், உள்நாட்டு லஞ்ச விவகாரத்தில் மாட்டி விலக்கப்பட்டது. இறுதியில் தோற்ற மிலான் அதன் இடத்தில் இறங்கி, பார்மாவிடம் தோற்றது. இன்று ஸ்பெயினின் சூப்பர் கோப்பையில் நான்கு அணிகள் ஆடுகின்றன, இரண்டாமிடக்காரர்களும் உண்டு. இதற்கெல்லாம் சொல்லைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. இரண்டாமிடக்காரர் வாகையருக்குப் பதிலாக அல்லது வாகையரோடு சேர்ந்து வருகிறார், அவ்வளவே. போட்டியின் அடிப்படை மாறவில்லை.

அடிப்படையே மாறிய ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 2018இல் புவனேஸ்வரில் தொடங்கிய இந்தியாவின் சூப்பர் கோப்பை, ஐஎஸ்எல், ஐ-லீக் என்ற நாட்டின் இரு லீகுகளின் அணிகள் கலந்து ஆடிய நாக்-அவுட் போட்டி. பெங்களூரு ஈஸ்ட் பெங்காலை 4–1 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. பெயர் சூப்பர் கோப்பை, ஆனால் மேல்வாகை இல்லை. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறு: லீகை வென்றவரும் நாட்டுக் கோப்பையை வென்றவரும் மோத, கம்யூனிட்டி ஷீல்டு என்று கேடயம் கொடுக்கிறார்கள், வகையோ அசல் மேல்வாகை. அதனால்தான் பெயரையும் வகையையும் பிரித்துவிடுவோம் என்கிறேன். இயற்பெயரில் சூப்பர் கோப்பை அப்படியே இருக்கட்டும். “யூஃபா சூப்பர் கோப்பை ஒரு மேல்வாகைப் போட்டி” என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை.

அப்புறம், ‘கண்ட மேல்வாகை’ என்று யாரும் எழுத வேண்டாம். கண்ட கண்ட கோப்பை என்பது போல ஒலிக்கிறது. ‘கண்டத்து மேல்வாகை’ அல்லது நேராக ‘ஐரோப்பிய மேல்வாகை’, ‘ஆப்பிரிக்க மேல்வாகை’ போதும்.

யாழ்ப்பாணத்து நண்பர் கிண்ணம்தான் வேண்டும் என்றிருந்தார். அங்கே உலகக் கிண்ணம், இங்கே உலகக் கோப்பை. மேல்வாகைக் கிண்ணம் என்று எழுதினாலும் சொல்லின் தலை மாறாது, நம் கலைச்சொல் அடைவில் இரண்டையும் போட்டுவிடலாம்.

தீராமல் இருப்பது வென்றவர் பெயர்தான். மேல்வாகையரா, மேல்வாகையாளரா? ஓர் அணியைக் குறிக்க எனக்கு முன்னதே பிடிக்கிறது. மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த வாரக் கடைசியில் அடைவில் ஏற்றிவிடுகிறேன்.