பதின்மூன்றாம் நிலையில் மாதாவின் மடி வெறுமையாக இருக்கலாமா?

அயனிப்பலகை எழுதியது:

எனக்குக் குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். எங்கள் பங்குக் கோயிலுக்கு, இயேசு சிலுவை சுமந்து இறந்து அடக்கமான வழியைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் புதிதாக வரைந்து தரும்படி சாமியார் போன ஆண்டு கேட்டார். இப்போது இருப்பவை பழைய அச்சுப்படங்கள். உப்புக்காற்றில் கண்ணாடிக்குள் ஈரம் ஏறி, ஆறாம் நிலையில், இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்காவின் கையிலுள்ள துணி முழுக்கக் கரும்பூஞ்சை. கூலி வேண்டாம், வண்ணம் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

பலகைகள் கரையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தினுடையவை. நல்ல அயனி மரம். ஓரம் நெடுகக் கயிறு கோத்துத் தைத்த துளைகள் இருந்தன; நான் அடைக்கவில்லை. பதினோராம் நிலையில், ஆணி அறையும் இடத்தில், அந்தத் துளைகளே போதுமாக இருந்தன. ஒரு சொட்டுச் சிவப்புகூட வைக்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தம் எண்பதாம் வயதையொட்டி, பிரான்சின் வான்ஸ் ஊர்ச் சிற்றாலயத்தில் பதினான்கு நிலைகளையும் ஒரே சுவரில், வெள்ளை ஓட்டின்மேல் வெறும் கறுப்புக் கோடுகளாக வரைந்தார். கல்லூரியில் அதைப் படமாகப் பார்த்த அன்றுதான், வேண்டுவதற்கு அழகான முகம் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

பன்னிரண்டு பலகைவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதின்மூன்றாவது, சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் உடலை மாதாவின் மடியில் கிடத்தும் நிலை. என் பலகையில் மாதா மணலில் அமர்ந்திருக்கிறார். இரண்டு கைகளும் ஏந்தியபடி இருக்கின்றன. மடியில் உடல் இல்லை. பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஆண்டவர் எங்கே?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் பதறிப்போய்க் கேட்டார். அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

நான் அப்படி வரைந்ததற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பல வீடுகளுக்கு உடலும் வரவில்லை. அதன்பிறகு வந்த ஒவ்வொரு தவக்காலத்திலும், பதின்மூன்றாம் நிலை வாசிக்கும்போது என் பக்கத்தில் நிற்கும் பெரியம்மா ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார். "மாதாவுக்குக் கொடுத்து வைத்திருந்தது, மடியில் போட்டு அழ" என்று ஒருமுறை சொன்னார். அவருக்காகத்தான் வரைந்தேன்.

கூடப் படித்தவர்கள், கோயிலுக்கு வரைவது கலை ஆகாது என்கிறார்கள். கோயிலில் உள்ளவர்கள், இது ஜெபத்துக்கு ஆகாது என்கிறார்கள். நான் ஜெபம் செய்துகொண்டேதான் வரைந்தேன். இதைச் சுவரில் மாட்டும் உரிமை எனக்கு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெழுகுச்சிற்பி எழுதியது:

சகோதரி, நான் சுவாமிமலையில் வார்ப்பு வேலை செய்கிறவன். உங்கள் சமயம் வேறு, என்னுடையது வேறு. ஆனாலும் வேண்டுகிறவர் கண்முன் எதை வைப்பது என்பது எங்களுக்கும் அன்றாடக் கேள்விதான்.

எங்களுக்கு, தெய்வ உருவத்தை விவரிக்கும் தியான சுலோகம்தான் சட்டம். தென்னை ஓலையை மடித்துத் தாள அளவு எடுப்போம். முகத்தின் நீளத்துக்கு இத்தனை பங்கு உடல் என்று கணக்கு. கை எத்தனை, கையில் என்ன என்பதில் என் விருப்பத்துக்கு இடமில்லை. ஆகவே அந்தப் பெரியவரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. கும்பிட வருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவோம். மெழுகு முழுவதும் உருகி ஓடிவிடும். அந்த நேரத்தில் மண்ணுக்குள் சாமி இல்லை, வெற்றிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெற்றிடத்துக்கு மூக்கு இருக்கிறது, விரல் இருக்கிறது, நகம்கூட இருக்கிறது. உலோகம் அதற்குள்தான் இறங்கும். வெறுமனே காலியாக விடுவது வேறு, உருவம் போன இடம் தெரியும்படி விடுவது வேறு. உங்கள் மாதாவின் மடி இவற்றில் எது? படத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. நீங்களே பாருங்கள்.

தெற்குஜன்னல் எழுதியது:

நான் ஜெர்மனியின் கொலோன் நகரில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். இங்குள்ள கத்தீட்ரலின் தெற்கு ஜன்னல் இரண்டாம் உலகப்போரில் அழிந்தது. 2007இல் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அதற்குப் புதிய கண்ணாடி அமைத்தார். 11,263 சதுரங்கள், 72 நிறங்கள். புனிதர் இல்லை, கதை இல்லை. எந்த நிறம் எங்கே வருவது என்பதைப் பெருமளவு கணினியின் தற்செயலுக்கே விட்டார். இது மசூதிக்கோ வேறொரு தொழுகை இடத்துக்கோதான் பொருந்தும் என்று அன்றைய கர்தினால் மைஸ்னரே வெளிப்படையாகச் சொன்னார். நான் நண்பகல் வெயிலில் அங்கே போய் உட்காருவேன். நிறங்கள் தூணில் இறங்கித் தரைக்கு வந்து, முன்வரிசையில் இருக்கும் ஒரு கிழவியின் கைமேல் மெதுவாக நகரும். எனக்கு அது ஜெபம்தான்.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஆஸி என்ற ஊர்க் கோயில். காசநோய் மருத்துவமனைகள் நிறைந்த மலை அது. ஜெர்மேன் ரிஷியே என்ற சிற்பி 1950இல் அங்கே வெண்கலத்தில் செய்த பாடுபட்ட சுரூபத்தில், அதாவது சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவத்தில், உடலும் சிலுவையும் ஒன்றாகிவிட்டன. முகம் தெளிவாக இல்லை. பார்ப்பதற்கேற்ற அழகு அவருக்கு இல்லை என்கிற, விவிலிய இறைவாக்கினர் எசாயாவின் வாக்கைத்தான் சிற்பி பற்றியிருந்தார். 1951இல் ஆயர் அதைப் பீடத்திலிருந்து அகற்றச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அது தன் இடத்துக்கே திரும்பி வந்தது.

அச்சப்படாமல் மாட்டுங்கள். காலம் உங்கள் பக்கம்.

வடக்குத்தெரு எழுதியது:

அக்கா, நானும் உங்கள் கரைதான், ஊர்தான் வேறு. ஒக்கியில் என் அண்ணன் போனான். உடல் வரவில்லை. சட்டையை வைத்துத்தான் அடக்கம் செய்தோம்.

மாதாவின் மடியில் ஆண்டவர் கிடப்பதைப் பார்க்கும்போது, என் அண்ணனையும் யாரோ இறக்கி அப்படிக் கிடத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு ஆறுதல். எங்கள் வீட்டில் இல்லாததைக் கோயில் சுவரிலும் இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் என்ன செய்தார்கள் என்பது எனக்கு வேண்டாம். அந்தப் பெரியம்மாவிடம் கேட்டீர்களா?

அயனிப்பலகை எழுதியது:

வடக்குத்தெரு, நான் கேட்கவில்லை. அவருக்காக வரைகிறேன் என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டிருந்தவள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் பதிலைப் படித்த மறுநாளே பலகையைத் துணியில் சுற்றி அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

திண்ணையில் சாய்த்து வைத்தேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மாதாவின் மடிமேல் உள்ளங்கையை வைத்தார். சேலையை நான் தட்டையாக, நீலமாக வரைந்திருந்தேன். "இவள் இன்னும் பிள்ளையை வாங்கவே இல்லையே. வாங்கிய மடி இப்படியா இருக்கும்? தலை இருந்த இடம் அமுங்கியிருக்காதா?" என்று கேட்டார். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்கே" என்றார்.

சிற்பி ஐயா, நீங்கள் சொன்னதும் அதுதான். நான் விட்டது வெறும் காலி இடம்.

கொலோன் நண்பரே, அந்தச் சுரூபத்தைப் பற்றி அறிந்ததில் மனம் நிறைந்தது. ஆனால் காலம் என் பக்கம் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. இந்தத் தவக்காலத்தில் முழந்தாளிட வருகிறவர்களுக்கு அது உதவாது.

சாமியாரிடம் பேசிவிட்டேன். வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மடியை உளியால் குடைந்துகொண்டிருக்கிறேன். தலை, தோள், தொங்கும் வலது கை, மடங்கிய முழங்கால் என்று ஆண்டவரின் உடல் கிடந்த அச்சு பலகைக்குள் இறங்கியிருக்கும். கிட்டே வந்தால் கையை வைத்துப் பார்க்கலாம். முடிந்ததும் சுவரில் ஏற்றுவதற்கு முன்பு அந்தப் பெரியவரையும் பெரியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுவேன். வடக்குத்தெரு, நீங்களும் வர வேண்டும். உங்கள் அண்ணனை அதில் கிடத்த முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், இன்னொரு பலகை மிச்சம் இருக்கிறது.

அயனி கெட்டி மரம். இன்று மாலைவரை தலையும் ஒரு தோளும்தான் ஆகியிருக்கின்றன.