மூன்று சம்படம் காசு, இலக்கு ஒன்றும் இல்லை

உண்டியல்_உடைத்தவன்
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வீடு மாறினோம். சாமான் கட்டும்போது என் காசுச் சம்படங்களைத் தூக்கிப் பார்த்த மனைவி, "இவ்வளவு கனமா இருக்கே, இதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். ஏழு வருடமாகச் சேர்க்கிறேன், பதில் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து எண்ணினால் இரண்டாயிரத்துச் சொச்சம் காசு. பாதி ஒரே மாதிரி.

இனியாவது ஒழுங்காகச் சேர்க்கலாம் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். சுதந்திர இந்தியாவின் ஒரு ரூபாய்க் காசு மட்டும். 1950 முதல் இன்று வரை, ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு நாணயசாலைக்கும் ஒன்று. வருடத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

செப்புக்காசு
தம்பி, வேண்டாம். நாற்பது வருடமாகச் சேர்க்கிறவன் சொல்கிறேன். பட்டியல் போட்ட அன்றைக்கே நீங்கள் சேகரிப்பாளர் இல்லை, சரக்கு இருப்புப் பார்க்கும் குமாஸ்தா. கட்டத்தில் டிக் அடிக்கத்தான் கை போகும், காசைத் திருப்பிப் பார்க்கப் போகாது.

ஒரு பழைய பாத்திரக்கடையில், எடைக்குப் போட்டிருந்த பித்தளைச் சாமானுக்கு நடுவே ஒரு பெரிய செப்புக்காசு கிடந்தது. சிங்கம் நிற்கிற கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, வருடம் 1803, மதிப்பு 'இருபது காசு'. அப்போது அது என்னவென்றே எனக்குத் தெரியாது. டீக்காசு கொடுத்து வாங்கினேன். அப்புறம் தேடிப் படித்தால், சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்த காசு அது. இதன் தம்பி, 1808 காசு, 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில் டன் கணக்கில் ஏறி இந்தியாவுக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் கப்பல் தட்டி மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து லட்சக்கணக்கில் அள்ளினார்கள். நம்ம ஊர்ச் சந்தையில் புழங்க வேண்டிய காசு, இன்றைக்கு வெளிநாட்டில் புதுக் கருக்கு மாறாமல் விற்பனைக்குக் கிடைக்கிறது.

'ஒரு ரூபாய் மட்டும்' என்று அன்றைக்கு நான் பட்டியல் வைத்திருந்தால் அந்தக் காசைத் தாண்டிப் போயிருப்பேன். என்னிடம் இன்று வரை பட்டியல் என்ற ஒன்று கிடையாது.

கட்டம்_கட்டி
ஐயா, கதை அருமை. ஆனால் அந்த ஒரு இருபது காசுக்கு எதிரே உங்கள் பெட்டியில் எத்தனை குப்பை கிடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

நானும் முதல் மூன்று வருடம் 'கண்ணில் பட்டதை வாங்கு' கட்சிதான். 'கலவை லாட்' என்று கிலோ கணக்கில் வாங்குவேன். தேய்ந்த அஞ்சு பைசாவும் நேபாளக் காசும்தான் மிச்சம். இலக்கு வைத்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய லாபம், டீலர் முன்னால் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்ததுதான்.

நான் எடுத்தது ஓட்டைக் காலணா. யுத்தத்தில் செம்பு தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்த காசு. கடையில் வாஷர் வாங்குவதைவிட இதைப் போடுவது மலிவு என்று ஜனங்கள் இதையே வாஷராகப் போட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வட்டம், ஆனால் உள்ளே எவ்வளவு விஷயம்! பம்பாய், கல்கத்தா போதாமல் லாகூரிலும் அடித்தார்கள், தென்னாப்பிரிக்கா பிரிட்டோரியாவிலும் அடித்தார்கள். எந்த ஊர் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐயா சொல்கிற 'திருப்பிப் பார்ப்பது' பட்டியல் போட்ட பிறகுதான் எனக்கு வந்தது.

ஆனால் உண்டியல் சார், உங்கள் திட்டம் இரண்டு வருடத்தில் முடியாது. 1950-க்கு அடுத்து 1954, அப்புறம் 1962 என்று முதலில் தாண்டித் தாண்டிப் போகும், சுலபம் போலத் தெரியும். 1975-க்குப் பிறகு வருடா வருடம் வரிசை கட்டும். 1985-இல் மட்டும் பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்து 'எச்' போட்டது ஒன்று, வேல்ஸ் லான்ட்ரிசென்டில் அடித்து வருடத்தின் முதல் எண்ணுக்குக் கீழே டைமண்ட் வைத்தது ஒன்று. நீங்கள் அதை மும்பை என்று எழுதிவைத்திருப்பீர்கள்! 1992-இல் துருப்பிடிக்காத எஃகு, அப்புறம் சிலுவைக் கோடு, அப்புறம் கட்டை விரல், அப்புறம் ரூபாய்ச் சின்னம் என்று ரகம் மாறிக்கொண்டே போகும். நினைவுக் காசுகளைக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று இன்னும் சொல்லவே இல்லை. வருடம் வேண்டாம், ரகத்துக்கு ஒன்று என்று வையுங்கள்.

செப்புக்காசு
சரி, ஓட்டைக் காலணாவை முடித்தீர்கள். பிறகு?

கட்டம்_கட்டி
ஆல்பத்தை மூடி பீரோவில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆறு மாதம் காசுப் பக்கமே திரும்பவில்லை. அதனால் இலக்கே தப்பு என்று ஆகிவிடுமா? கல்யாணம் முடிந்த வீடு கொஞ்ச நாள் வெறிச்சென்றுதான் இருக்கும்.

வெள்ளி_விலை
இவ்வளவு பேசுகிறீர்கள், யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. இலக்கு என்றால் நாளைக்கு விற்றால் என்ன வரும் என்று பார்க்க வேண்டாமா? வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசு லட்சத்துக்குப் போகிறது என்று வீடியோ வருகிறதே.

கட்டம்_கட்டி
அண்ணே, அந்த வீடியோவை நம்பி யாருக்காவது 'பதிவுக் கட்டணம்' கட்டிவிடாதீர்கள். பழைய காசு, நோட்டு வாங்கித் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை விட்டது. வைஷ்ணோ தேவி காசு சில்லறையிலேயே கிடைக்கும்.

வெள்ளி_விலை
நான் கட்டவில்லை, கேட்டேன் அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். உலோகத்துக்காவது விலை உண்டு.

செப்புக்காசு
அதிலும் வருடம் பார்க்கணும். 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இலிருந்து பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். 1939, 1940, 1947 மூன்றிலும் அதே ராஜாதான். அப்புறம் 1939 ரூபாய் அபூர்வம் என்பதால் போலி ஏராளம். வெள்ளி எடைக்கு வாங்குவது என்றால் நகைக்கடைக்குப் போங்கள், இங்கே எதற்கு?

பெட்டிக்கடை_அக்கா
உங்கள் சண்டையைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் ஒரு இலக்கு உண்டு, செலவே இல்லாதது.

எங்கள் பக்கம் பத்து ரூபாய்க் காசை நீட்டினால் கடையிலும் வாங்க மாட்டார்கள், பஸ்ஸிலும் வாங்க மாட்டார்கள். 'செல்லாது' என்று யாரோ கிளப்பிவிட்டது. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், இதுவரை 14 வடிவத்தில் விட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. நான் அந்த அறிவிப்பைக் கடையில் ஒட்டிவைத்து எல்லோரிடமும் வாங்கினேன். ஊரில் இருந்த பத்து ரூபாய்க் காசெல்லாம் என் கல்லாவுக்கு வந்து சேர்ந்தது! ரூபாய்ச் சின்னம் இல்லாதது, இருப்பது என்று பிள்ளைகளை உட்காரவைத்துப் பிரிப்பேன். 14-இல் 11 வந்துவிட்டது. மிச்சம் மூன்றையும் விலைக்கு வாங்க மாட்டேன், கல்லாவுக்குத்தான் வரவேண்டும். வராவிட்டால் போகட்டும்.

செப்புக்காசு
அக்கா சொல்வது இலக்கு இல்லை, வேட்டை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிக்கடை_அக்கா
எண்ணி வைத்திருக்கிறேனே ஐயா, அது பட்டியல் இல்லாமல் வேறென்ன?

யாழ்_சதம்
நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வருசத்தையும் எண்ணிக்கையையும் பற்றியே கதைக்கிறீர்கள். என்ர இலக்கு ஒரு கேள்வி: தமிழ் எழுத்து எந்தெந்தக் காசில் வந்திருக்கிறது?

தொடங்கினது அப்பாவின்ர மேசை லாச்சியில் கிடந்த பழைய இலங்கைச் சதத்தில். நடுவில் ஒரு மரம், ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். அதிலிருந்து பின்னால் போனால், எங்கட யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட காசில் நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும். உங்கட பக்கம் வந்தால், கம்பெனி அடித்த 'அரைப் பகோடா' என்ற நாணயத்தில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் சாமி, சுற்றித் தமிழும் தெலுங்கும். சிங்கப்பூர்ச் சில்லறையில் இன்றைக்கும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது, அது அங்கே போய்வந்த மருமகன் தந்தது. 2024 கலைஞர் நூறு ரூபாய்க் காசில் 'தமிழ் வெல்லும்'. இதற்கு முடிவே இல்லை, ஆனால் கண்டதையெல்லாம் வாங்கவும் மாட்டேன்.

கட்டம்_கட்டி
கேள்வி நல்ல கேள்வி. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, நூறு ரூபாய் நினைவுக் காசு யார் கையிலும் புழங்கியதில்லை. முகமதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்துப் பெட்டியோடு வாங்குவது. அதைக் காசு என்பதா, பதக்கம் என்பதா? 2003 காமராஜர் அஞ்சு ரூபாயை நான் மளிகைக்கடை மிச்சத்தில் வாங்கினேன். எனக்கு அதுதான் காசு.

இரண்டாவது முக்கியம். தமிழ் எழுத்து என்று கிளம்பினால் கடைசியில் சங்ககாலச் செப்புக்காசில்தான் போய் நிற்போம். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் எழுதிய பாண்டியர் காசை ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட பிறகு எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுமணலில் அரித்தெடுத்தது என்று யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. போலி வேறு. புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிற வேலியும் இலக்குதான்.

செப்புக்காசு
இதில் மட்டும் கட்டம் தம்பியோடு நிற்கிறேன். ஆற்றில் அரித்த காசுக்கு ஆசைப்பட்டு ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஈயத்தில் வார்த்துச் சாயம் போட்டது. எழுத்துகூட ஒழுங்காக இல்லை. இதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சங்ககாலக் காசு பார்க்கணும் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ரயில் டிக்கெட் எடுங்கள்.

யாழ்_சதம்
நான் சங்ககாலக் காசு வாங்கினேன் என்று எங்கே சொன்னேன்? படம் ஒட்டிய கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். கையில் இல்லாததையும் அதில் எழுதி வைப்பேன். எல்லாம் கையில் இருந்தால்தான் சேகரிப்பு என்று ஆர் சொன்னது?

உண்டியல்_உடைத்தவன்
எல்லோருக்கும் நன்றி. நேற்று சம்படங்களை மறுபடி கொட்டிப் பார்த்தேன். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். போன வருடம் ஆயுத பூஜைக்கு, அழுக்காக இருக்கிறதே என்று செப்புக்காசுகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று இருக்கின்றன.

செப்புக்காசு
ஐயோ.

கட்டம்_கட்டி
எத்தனை?

உண்டியல்_உடைத்தவன்
நாற்பது இருக்கும்.

கட்டம்_கட்டி
சார், அது அழுக்கு இல்லை, செம்பு தானாகப் போர்த்திக்கொண்ட போர்வை. அது போனால் காசின் மேல்தோலும் சேர்ந்து போகும். இனிமேல் தண்ணீரைத் தவிர எதுவும் காட்டாதீர்கள். மெத்தென்று வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், அதிலுள்ள பிவிசி காசில் பச்சை பூக்கவைக்கும்.

உண்டியல்_உடைத்தவன்
சரி. அந்த நாற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. அதில் பாதி நயா பைசா. அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு அப்போது பத்து வயது. 1957 ஏப்ரல் 1-இல் அணா போய் நயா பைசா வந்தபோது, ஓரணாவுக்கு ஆறே கால் நயா பைசா, அந்தக் கால் பைசாவை யார் விழுங்குவது என்று பலசரக்குக் கடையில் தினமும் தகராறாம். காசிலேயே 'ரூபாயில் நூற்றில் ஒரு பங்கு' என்று இந்தியில் அச்சடித்திருக்கிறார்கள். அதை எங்கள் தெருவில் யார் படித்திருப்பார்கள்! 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டது.

அதனால் ஒரு ரூபாய்த் திட்டத்தைக் கைவிட்டேன். 1950 அணாக் காசு தொடங்கி 'நயா' மறைகிற வரைக்கும், ரகத்துக்கு ஒன்று. நாணயசாலை பார்க்கப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே அம்மா அதை வைத்து என்ன வாங்கினார் என்று எழுதுவேன். ஐயா, இது குமாஸ்தா வேலையா?

செப்புக்காசு
பாதி. ஆனால் அம்மாவிடம் சீக்கிரம் கேட்டு எழுதிவிடுங்கள், காசு எங்கேயும் ஓடாது.

கட்டம் தம்பி, உங்களிடம் லாகூர் அடித்த ஓட்டைக் காலணா இரட்டை இருக்கிறதா? இருந்தால் என்னிடமிருந்து ஒரு பிரிட்டோரியா தருகிறேன். லாகூர் ஒன்றுதான் என்னிடம் இல்லை.

கட்டம்_கட்டி
இருக்கிறது ஐயா, அனுப்பிவைக்கிறேன். ஆனால் அது ஒன்றுதான் இல்லை என்று பட்டியல் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?