மீன் வடிவத்தில் ஒரு வெண்கலத் துண்டு: காசா, போலியா?

வேலந்தாவளம்_செந்தில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரிய மாமா கொச்சியிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். அவர் காலமான பிறகு அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே சோவியத் கால ரூபிள், கோபெக் காசுகள். அவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. ஒன்று மீன் மாதிரி, சுமார் மூன்று சென்டிமீட்டர், முதுகுத் துடுப்பு நன்றாகத் தெரிகிறது, மேலே பச்சைக் களிம்பு. இன்னொன்று வட்டக் காசு. ஒரு பக்கம் கொம்பு வைத்த தாடிக்காரர், மறுபக்கம் கோடாரி மாதிரி ஏதோ.

கொழிஞ்சாம்பாறையில் பழங்காசு வாங்கும் ஒருவரிடம் காட்டினேன். "வட்டம் முசிறிக்கு வந்த ரோமானியக் காசு. மீன் போலி, ஓரத்தில் பிசிறு இருக்கிறது பாருங்கள்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் தருவாராம். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

குப்பம்_பாஸ்கர்:

புளி வேண்டவே வேண்டாம். முந்நூறுக்கும் கொடுக்காதீர்கள். கேரளத்தில் கிடைத்த ரோமானியப் புதையல்கள், திருச்சூர் பக்கம் எய்யால் மாதிரி, தங்கமும் வெள்ளியும்தான். கொம்பு, தாடி, கோடாரி மூன்றும் சேர்ந்தால் அது கருங்கடல் சரக்கு. எங்கள் ஆந்திரப் பக்கம் சாதவாகனர் ஈயத்தில்கூடக் காசு போட்டார்கள், அந்த வம்சத்துப் புலுமாவி மன்னர் காசில் இரட்டைப் பாய்மரக் கப்பலே இருக்கும். ஆனால் மீன் உருவத்திலேயே காசு நம் நாட்டில் நான் பார்த்ததில்லை. வார்ப்புக்கார அண்ணன் வந்தால் சரியாகச் சொல்வார்.

நல்லேபிள்ளி_வார்ப்புக்காரன்:

தம்பி, எங்கள் குடும்பம் உருளியும் கோயில் மணியும் வார்த்த குடும்பம். அதனால் பிசிறு என்றதும் வந்துவிட்டேன்.

அந்த ஆள் சொன்ன விதி பாதி சரி. அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்த காசுக்கு ஓரத்தில் சுற்றிப் பிசிறுக்கோடு பெரும்பாலும் வராது. இருந்தால் யாரோ பிரதி எடுத்து ஊற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படலாம். உன் வட்டக் காசுக்கு அந்தச் சோதனையைப் போடு. மீனுக்குப் போடாதே. அது அடித்த காசே இல்லை, உருக்கி ஊற்றியது. வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உலோகம் கசியும், ஊற்றுவாயை முறித்த இடத்தில் தழும்பு நிற்கும். அசலிலும் அது இருக்கும்.

அது மீனும் இல்லை, டால்பின். ஊர் ஓல்பியா. இன்றைய உக்ரைனில் மிக்கோலாயிவ் பக்கம், பருட்டினே கிராமத்தில், தெற்கு பூக் ஆறு விரிந்து கடலை நோக்கிப் போகும் கரையில் இருக்கிறது. துருக்கிக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்துக் கிரேக்கர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து குடியேறிய துறைமுகம். தானியம், மீன், அடிமைகள் என்று சித்தியர் (கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த நாடோடி மக்கள்) நாட்டோடு வியாபாரம். முதலில் அம்புமுனை வடிவத்தில் வெண்கலத்தை வார்த்துப் பணமாகப் புழங்கினார்கள், அப்புறம் இந்த டால்பின். இரண்டுமே அப்பல்லோ தெய்வத்தோடு சேர்ந்த அடையாளங்கள். சில டால்பின்களில் 'அரிகோ' என்றோ 'து' என்றோ கிரேக்க எழுத்து இருக்கும், நிறையவற்றில் ஒன்றும் இருக்காது. ஆகவே எழுத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

எனக்குப் பிடித்தது அவர்கள் வார்த்த பெரிய வட்டக் காசு. உள்ளங்கை அளவு, நூறு கிராமுக்கும் மேல். ஒரு பக்கம் மெடுசாவின் (கிரேக்கக் கதைகளில் பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி) தலை, மறுபக்கம் டால்பினைக் காலில் பிடித்த கழுகு. மற்ற கிரேக்க ஊர்கள் வெள்ளியை அடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வெண்கலத்தைத் தட்டு மாதிரி ஊற்றியிருக்கிறார்கள். என் கைக்கு அது ரொம்ப நெருக்கமான வேலை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கனோபோஸ் என்பவர் பெயரில் ஒரு தீர்மானம் உண்டு. கல்வெட்டு போஸ்பரஸ் நீரிணை வாயிலில் கிடைத்தது. எந்த ஊர்க் காசையும் ஓல்பியாவுக்குள் கொண்டு வரலாம், ஆனால் மாற்றுவது சபை கூடும் இடத்தில் உள்ள கல்லருகில் மட்டும். வாங்குவதும் விற்பதும் ஊர்க் காசில்தான். மீறினால் விற்றவனுக்குச் சரக்கு போச்சு, வாங்கினவனுக்குப் பணம் போச்சு. நம் வேலந்தாவளம் செக்போஸ்ட் தோற்றுவிடும்!

உன் தாடிக்காரர் பொரிஸ்தெனீஸ், அதாவது தினீப்பர் ஆற்றுத் தெய்வம். கிரேக்கர்கள் ஆற்றுத் தெய்வத்துக்குக் காளைக் கொம்பு வைப்பார்கள், அதுதான் இது. பின்னால் கோடாரியோடு வில் வைக்கும் உறையும் இருக்க வேண்டும், சித்தியர் பாணி. கி.மு. 331 வாக்கில் அலெக்சாந்தரின் தளபதி சோபிரியோன் ஊரை முற்றுகையிட்டார். ஊர்க்காரர்கள் அடிமைகளை விடுதலை செய்து, வெளியூராருக்குக் குடியுரிமை கொடுத்து, கடன்களை ரத்து செய்து தாக்குப்பிடித்தார்கள். இந்தக் காசு அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளுடையது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் புரெபிஸ்டா மன்னரின் கெட்டர்கள் (தன்யூப் ஆற்றுப் பக்கத்து இனத்தார்) ஊரைச் சூறையாடினார்கள். அப்புறம் மீண்டும் எழுந்தது, ஆனால் சிறிய ஊராக.

போலிக்கு வருவோம். அசலும் வார்ப்பு, போலியும் வார்ப்பு. அதனால் களிம்பைத்தான் பார்க்க வேண்டும். பல் குத்தும் மரக்குச்சியால் ஒரு மூலையில் மெல்லச் சுரண்டு. பச்சை பெயின்ட் மாதிரி உரிந்து கீழே பளபளவென்று மஞ்சள் தெரிந்தால் சந்தேகம். நிஜக் களிம்பு உலோகத்தோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கும், அடியில் பெரும்பாலும் செந்நிறப் படலம். புளி போட்டால் இந்தச் சாட்சி முழுக்கப் போய்விடும், அம்மாவிடம் சொல்லு.

வேலந்தாவளம்_செந்தில்:

ரொம்ப நன்றி அண்ணா. குச்சிக்குப் பச்சை அசையவில்லை. வால் முனையில் முறித்த மாதிரி தழும்பு இருக்கிறது. வட்டக் காசில் ஓரக்கோடு இல்லை, கோடாரி பக்கத்தில் உறையும் தெரிகிறது. ஆனால் மீனின் வயிற்றில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்கிறது.

நல்லேபிள்ளி_வார்ப்புக்காரன்:

அந்தப் பொடிதான் அவசரம். உள்ளே உப்பு இருந்து, ஈரம் பட்டால் அரித்துக்கொண்டே போகும். நம் பக்கத்து ஆடி மழைக்கு ஒரு சீசன் போதும். அதை மட்டும் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வை, வட்டக் காசோடு சேர்க்காதே. டப்பாவில் இருந்த ரூபிள்களையும் மாமாவின் கப்பல் தாள்களையும் தூக்கிப் போட்டுவிடாதே, எங்கிருந்து வந்தது என்பதற்கு அவைதான் ஆதாரம். வெளிநாட்டு ஆன்லைன் ஏலத்துக்கு அனுப்பும் ஆசை வேண்டாம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட பொருளைத் தனியாள் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எடுத்து வா, லென்ஸில் பார்த்துவிடலாம்.